ஓடாத ரோபோவுக்கு எதுக்குய்யா கண்ணாடிப் பெட்டி?

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. ஃப்ரீமாண்ட்ல ஒரு அண்ணன் வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. மதுரைக்காரர். நம்மள மாதிரியே பொட்டி தட்டுறவர்தான், என்ன, நான் பொறந்த வருஷத்துலயே இந்த ஊருக்கு வந்து தட்ட ஆரம்பிச்சவர். எனக்குப் பழைய மெஷின் கிறுக்கு இருக்குன்னு யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க போல. சுக்கா, ரசம், தயிர் எல்லாம் முடிச்சு கை கழுவினதும், "வாங்க தம்பி, உங்களுக்கு ஒரு சாமான் காட்டறேன்"னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனார்.

மாடி ரூம்ல ஜன்னல் ஓரமா ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே எல்இடி லைட்டு. லைட்டுக்குக் கீழே ஒரு நாய்த்தலை. பயந்துடாதீங்க, பொம்மைத்தலை. பழுப்பு ரோமம், தொங்கற காது, பாதி திறந்த வாய். பக்கத்துல தனியா, மணிக்கட்டோட வெட்டின மாதிரி ஒரு வலது கை. பேரு ஜாஸ்பர் டி. ஜௌல்ஸ். சக் ஈ சீஸ்ங்கற பீட்சா கடையில கிட்டார் வாசிச்சுட்டிருந்த ரோபோ நாய்.

எனக்குக் கையெல்லாம் பரபரன்னு ஆயிடுச்சு.

"ஓடுமாண்ணே?"

"ஓடுமான்னா?"

"வாய் அசையுமா, கண்ணு சிமிட்டுமா, அதைக் கேக்கறேன்."

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? ஓட்டினா தேஞ்சுடும். வேல்யூ போயிடும்ல?"

விலையும் சொன்னார். என்னோட ரெண்டு மாச வாடகை. பின்னாடி நின்னுட்டிருந்த அண்ணி மட்டும், "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா இதோட மூஞ்சில முழிக்க வேண்டியிருக்கு"ன்னு முனகினாங்க.

அந்த 'வேல்யூ'ங்கற வார்த்தைதான் ரெண்டு வாரமா என்னைத் தூங்க விடல. அண்ணன் ஒருத்தர் மேல இருக்கற கோவம் கிடையாது இது. நல்ல மனுஷன், நல்ல சுக்கா. ஆனா அமெரிக்காவுல பழைய பொழுதுபோக்குப் பூங்கா ரோபோக்களைச் சேகரிக்கற கூட்டத்துல பாதிப்பேர் இப்படித்தான் இருக்காங்க. தலை ஒருத்தர் வீட்டுல, கை ஒருத்தர் வீட்டுல, கண்ணு முழி ஏலத்துல. கேட்டா 'பாதுகாக்கறோம்'னு சொல்றாங்க. என்னத்தைப் பாதுகாக்கறீங்க? அதைக் கேக்கத்தான் இவ்வளவு பெரிய புலம்பல்.

பின்னணி தெரியாதவங்களுக்கு ஒரு சின்னப் பழங்கதை. 1963 ஜூன்ல டிஸ்னிலேண்ட்ல டிக்கி ரூம்னு ஒரு அரங்கு திறந்தாங்க. கிளி, பூவெல்லாம் பாடும். அடுத்த வருஷம் நியூயார்க் உலகக் கண்காட்சியில ஆப்ரகாம் லிங்கன் நாற்காலியில இருந்து எழுந்து நின்னு பேசினார். ரோபோ லிங்கன்தான். ஜனங்க வாயைப் பொளந்துட்டு நின்னாங்க. அங்க இருந்து இது மெல்லப் பரவி, 1977ல அடாரி கம்பெனியைத் தொடங்கின நோலன் புஷ்னல், பாடற ரோபோக்களைப் பீட்சா கடைக்குள்ள கொண்டாந்தார். முதல் கடை நம்ம சான் ஹோசேலதான். 1980ல போட்டிக்கு ஷோபிஸ் பீட்சா பிளேஸ்னு இன்னொரு கூட்டம் மிசோரில இருக்கற கேன்சஸ் சிட்டியில கடை போட்டாங்க. அவங்க மேடைக்கு ரோபோ செஞ்சு கொடுத்தவர் ஆர்லாண்டோக்காரர் ஆரோன் ஃபெக்டர். அவரோட கம்பெனி பேரு கிரியேட்டிவ் இன்ஜினியரிங், அவரோட பேண்ட் பேரு ராக்-அஃபையர் எக்ஸ்ப்ளோஷன். கரடி, கொரில்லா, எலி, டிரம்ஸ் அடிக்கற நாய், ஓநாய்னு ஒரு முழு கச்சேரிக் கோஷ்டி. சேகரிக்கறவங்க மத்தியில இந்தக் கோஷ்டிக்குத்தான் மவுசு ஜாஸ்தி. எனக்கும்தான்.

இதுங்க எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாதான் என் கோவம் புரியும்.

பெரும்பாலானது காத்துல ஓடறது. பின்னாடி ஒரு கம்ப்ரஸர். அதுல இருந்து வர்ற அழுத்தக் காத்து ஒரு வரிசை மின்வால்வுக்குப் போகுது. வால்வு திறந்தா சின்ன சிலிண்டர் ஒண்ணு நீளும், கண்ணிமை மூடும். வால்வு அடைச்சா ஸ்பிரிங் இழுத்து இமை திறக்கும். அவ்வளவுதான். ஒரு அசைவுக்கு ஒரு வால்வு. திற, மூடு. பாதி திறக்கறதெல்லாம் கிடையாது. நம்ம பாஷையில சொன்னா ஒரு அசைவுக்கு ஒரு பிட்.

அப்படின்னா எல்லா அசைவும் டக்கு டக்குன்னு வெட்டி வெட்டி இருக்கணுமே? ஆனா நல்லா பராமரிச்ச ராக்-அஃபையர் மேடையைப் பார்த்தா அப்படித் தெரியாது. கொரில்லா தலையை மெதுவாத் திருப்பும். கரடி கண்ணு அலுத்துப்போன மாதிரி தாழும். ரகசியம் எங்க இருக்குன்னா, காத்துக் குழாயில இருக்கற திருகுல. காத்து எவ்வளவு வேகமா உள்ள போகணும், எவ்வளவு வேகமா வெளிய வரணும்னு ஒரு சின்னத் திருகு முடிவு பண்ணுது. கால் சுத்து கூட்டினா தலை வெடுக்குன்னு திரும்பும், குறைச்சா யோசிச்சுத் திரும்பற மாதிரி இருக்கும். ஒவ்வொரு ரோபோவையும் நிறுத்தி, பாட்டை ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரோட ஒரு மனுஷன் உக்காந்து இதைத் திருகித் திருகிச் சரி பண்ணியிருப்பான். நடிப்பு அங்கதான் இருக்கு, அந்தத் திருகுல. கரடியோட குணமே அந்தக் கால் சுத்துலதான் இருக்கு.

இப்ப நம்ம ஏலக்காரர் என்ன பண்றார்? குழாயை வெட்டறார். தலையை மட்டும் கழட்டறார். வால்வு, குழாய், திருகு எல்லாம் 'எக்ஸ்ட்ரா இரும்பு'ன்னு குப்பைக்குப் போகுது. தலைக்குப் பணம் வருது.

வீணையோட யாளி முகத்தை மட்டும் அறுத்து ஷோகேஸ்ல வெச்சுட்டு, தண்டியையும் குடத்தையும் அடுப்புல போட்டா என்ன சொல்வீங்க?

இது பாதிக்கதைதான். மீதி டேப்ல இருக்கு. அங்கதான் என்னை மாதிரி ஆணி பிடுங்கறவனுக்கும் இதுல வேலை.

ராக்-அஃபையர் கச்சேரி எல்லாம் 4 டிராக் டேப்ல வந்தது. ரெண்டு டிராக்ல பாட்டு. மீதி ரெண்டுல பாட்டு இல்லை, கர்ண கடூரமா ஒரு கீச்சுச் சத்தம். அந்தக் கீச்சுச் சத்தம்தான் கோஷ்டியோட எல்லா அசைவும். பைஃபேஸ்னு ஒரு முறையில எழுதியிருப்பாங்க. ஒவ்வொரு பிட்டோட தொடக்கத்துலயும் சிக்னல் ஒரு தடவை புரளும். பிட் 1னா நடுவுல இன்னொரு தடவை புரளும். 0ன்னா புரளாது. முடிஞ்சது. டேப் கொஞ்சம் இழுத்தாலும், கொஞ்சம் வேகமா ஓடினாலும், கடிகாரமே சிக்னலுக்குள்ள இருக்கறதால தப்பிச்சுக்கும். சினிமாக்காரங்க ஒலியையும் படத்தையும் ஒட்ட வைக்கற டைம்கோடுலயும் இதே வித்தைதான். யோசிச்சவன் கால்ல விழலாம்.

போன வருஷம் இந்த வேலையில இருக்கற ஒரு நண்பர், ஒரு பழைய டேப்போட டிஜிட்டல் பிரதியை எனக்கு அனுப்பினார். பைத்தான்ல ஒரு 200 வரி எழுதி, ரெண்டு ராத்திரி முழிச்சு (மறுநாள் மீட்டிங்ல கேமராவை அணைச்சு வெச்சேன், ஹிஹி) பிட்டுகளைப் பிரிச்சேன். ரோபோ எங்கிட்ட எங்க இருக்கு? திரையில சின்னச் சின்னக் கட்டம் வரைஞ்சு, 1னா மஞ்சள், 0ன்னா கறுப்பு. பாட்டை ஓட விட்டேன்.

கரடியோட இடது இமைக்கான கட்டம், பாட்டுல ஒரு வரி தொடங்கறதுக்கு அரைத் தாளம் முன்னாடி மினுக்குன்னுச்சு. பாடப் போறவன் மூச்சு இழுக்கறப்போ கண்ணு லேசா மூடுமில்ல, அது. கவனிங்க, இதை எந்தக் கம்ப்யூட்டரும் கணக்குப் போட்டுச் செய்யல. பாட்டு ஓடிட்டிருக்க, யாரோ ஒருத்தர் ஆர்லாண்டோவுல உக்காந்து, அந்த இமைக்கான பொத்தானைத் தாளம் பார்த்து விரலால அழுத்தியிருக்கார். முதல்ல வாய், அப்புறம் டேப்பைத் திருப்பி ஓட விட்டுக் கண்ணு, அப்புறம் கை, இப்படி ஒவ்வொரு அடுக்கா. அந்த விரல் அழுத்தினது எல்லாம் 40 வருஷம் கழிச்சு ஒரு அபார்ட்மெண்ட்ல மஞ்சக் கட்டமா மின்னுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு லேசாக் கண்ணு கலங்கிடுச்சு. சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க.

டேப்புக்கு ஆயுசு கம்மி. அந்தக் காலத்து டேப் பலதுல காந்தத் தூளை ஒட்ட வெச்சிருக்கற பசை ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுன்னு ஆயிடும். அப்படியே ஓட்டினா தூள் உரிஞ்சு ஹெட்ல ஒட்டிக்கும், போச்சு. மெல்லிய சூட்டுல சில மணி நேரம் வேக வெச்சு, அவசரமா ஒரு தடவை ஓட்டிப் பிரதி எடுத்துக்கணும். இந்த வேலைக்குக் காசு கொடுக்க ஆள் தேடிப் பாருங்க. ஒரு தலைக்கு ஆயிரக்கணக்குல டாலர் அள்ளிக் கொடுக்கற அதே ஆசாமி, அந்தத் தலையை ஆட்டி வெச்ச டேப்பை வேக வைக்க நூறு டாலர் கொடுன்னா, "டேப்பா? அது பார்க்க என்ன இருக்கு?"ங்கறார். இது எனக்கே நடந்தது. பேர் வேண்டாம்.

சரி, இப்ப ரசிகக் கண்மணிகள் என்னை அடிக்க வரப்போற விஷயத்துக்கு வர்றேன்.

ஷோபிஸ் கதை எப்படி முடிஞ்சதுன்னா, புஷ்னலோட கம்பெனி 1984ல திவால் ஆச்சு. ஷோபிஸ்காரங்க அதை வாங்கினாங்க. ரெண்டு கடைச் சங்கிலி, ரெண்டு ரோபோக் கோஷ்டி. கரடி, கொரில்லாவோட உரிமை ஃபெக்டர் கையில. அவர் விட்டுக் கொடுக்கல. இரும்பு கம்பெனியோடது, முகம் அவரோடது. அதனால 1990ல இருந்து 1992 வரைக்கும் கடை கடையாப் போய், ராக்-அஃபையர் கோஷ்டியோட தோலை உரிச்சு, அதே எலும்புக்கூட்டு மேல சக் ஈ சீஸ் கோஷ்டியோட தோலை மாட்டிட்டாங்க. கொரில்லா இருந்த இடத்துல ஊதா கலர்ல மன்ச். சேகரிக்கறவங்க கிட்ட இந்த 1990ஐப் பத்திப் பேசிப் பாருங்க, இழவு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். சரித்திரத்துலயே பெரிய அக்கிரமம்பாங்க.

நான் சொல்றேன், அந்தத் தோல் மாத்தினதுதான் அதுங்களைக் காப்பாத்துச்சு.

அடிக்காதீங்க, கேளுங்க. தோல் மாத்தாம இருந்திருந்தா அந்த ரோபோக்கள் என்ன ஆகியிருக்கும்? உரிமை இல்லாத முகத்தை மேடையில வெக்க முடியாது. நேரா காயலான் கடை. தோல் மாத்தினதால சில கடைகள்ல அதே எலும்புக்கூடு 2010ஐயும் தாண்டி ஆடிக்கிட்டிருந்தது. சிலிண்டர் மாத்தினாங்க, ரப்பர் மாத்தினாங்க, வாராவாரம் ஒரு டெக்னீஷியன் பார்த்துக்கிட்டார். முப்பது வருஷமா ஒரு மெஷினுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எந்த மியூசியத்துலய்யா கிடைக்கும்? கரடி முகத்துக்காக அழறது எனக்கும் புரியுது. ஆனா ஆடற எலும்புக்கூட்டையும் ஆடாத முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது வேணும்னு கேட்டா, யோசிக்காம எலும்புக்கூடும்பேன்.

டிஸ்னிலேண்ட்லயே இதுக்கு நல்ல சாட்சி இருக்கு. 1974ல அமெரிக்கா சிங்ஸ்னு ஒரு அரங்கு. நூத்துக்கும் மேல மிருக ரோபோக்கள். 1988ல மூடினாங்க. குப்பையில போடாம, பெரும்பாலானதைத் தூக்கி 1989ல திறந்த ஸ்பிளாஷ் மவுண்டன்ல குடி வெச்சாங்க. அங்க 2023 வரைக்கும் பாடிச்சுங்க. இன்னும் ரெண்டு வாத்தைப் பிடிச்சு, இறகை எல்லாம் உரிச்சுட்டு, 1987ல ஸ்டார் டூர்ஸ் வரிசையில டிராய்டா நிக்க வெச்சாங்க. விண்வெளி ரோபோவைப் பாக்கறோம்னு நினைச்சு ஜனங்க பார்த்தது தோலுரிச்ச வாத்தை! எனக்கு இதுல கோவமே வரல. சந்தோஷமா இருக்கு. நம்ம ஊருல தேருக்கு அச்சு மாத்தறாங்க, சக்கரம் மாத்தறாங்க, திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல்லுல இருந்து வந்து இரும்பு அச்சும் பிரேக்கும் போட்டுக் கொடுத்திருக்காங்க. தேர் ஓடுது. பழைய மரச்சக்கரம் புனிதம்னு தேரைக் கொட்டகைக்குள்ள பூட்டி வெச்சா யாருக்கு என்ன லாபம்?

கம்பெனிகள் ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரல. மூடற கடையில ரோபோ முகத்தை யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு ஊழியர்களே சுத்தியலால அடிச்சு நொறுக்கற வீடியோவெல்லாம் சுத்தியிருக்கு. பார்த்தீங்கன்னா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. பிராண்டைக் காப்பாத்தறாங்களாம். இன்னொரு பக்கம், ஃப்ளோரிடா எப்காட்ல கிரேனியம் கமாண்ட்னு ஒரு அரங்கு, 1989ல திறந்தது. ஒரு பையனோட மூளைக்குள்ள உக்காந்து அவனை ஓட்டற பைலட், பேரு பஸ்ஸி. 2007ல அரங்கை மூடினாங்க. பஸ்ஸியை அப்படியே இருட்டுல விட்டுட்டாங்க. பத்து வருஷத்துக்கும் மேல, கம்பெனிக்கு அதை எடுத்து வைக்கவும் தோணல, யாருக்காவது கொடுக்கவும் தோணல. 2018ல முதல்ல அவன் சட்டை, தொப்பி எல்லாம் காணாமப் போச்சு. அப்புறம் பார்த்தா ஆளையே காணோம். அவ்வளவு கனமான ரோபோவை அந்தக் காவல்ல இருந்து யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பேச்சு! 2019ல ஒரு முன்னாள் ஊழியர் கைதானார். துணிமணியை ஆயிரக்கணக்கான டாலருக்குச் சேகரிப்பாளர்களுக்கு வித்தது வெளிய வந்தது.

இங்க கொஞ்சம் நிதானமா யோசிங்க. திருடன் முதல்ல எடுத்தது எது? சட்டை. ஏன்னா சட்டைக்கு சந்தை இருக்கு. கைக்கு இருக்கு, முகத்துக்கு இருக்கு. முழு ரோபோவை வாங்கி ஓட்டறவனுக்கு மட்டும்தான் சந்தை இருந்திருந்தா, ஒரு சட்டையைத் திருடி என்ன பண்ணுவான்? துண்டு துண்டா வாங்கறவன் இருக்கற வரைக்கும் துண்டு துண்டா வெட்டறவன் இருப்பான். கறிக்கடை கணக்குதான். 2018ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த ஒரு டிஸ்னிலேண்ட் ஏலத்துல, டிக்கி ரூம் கிளி ஹோசே 4 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்த விலை செய்தியில வந்த அன்னிக்கு, எத்தனை பூங்கா கிடங்குல எத்தனை பேருக்குக் கை அரிச்சிருக்கும்?

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுடுவோம். 'ஓட்டினா தேயும்.' உண்மை. தேயும். ஓட்டாட்டியும் சாகும், அதைச் சொல்ல மாட்டாங்க. சிலிண்டருக்குள்ள இருக்கற ரப்பர் வளையம் வருஷக்கணக்கா அசையாம இருந்தா காஞ்சு சுவத்தோட ஒட்டிக்கும். முகத்து லேட்டக்ஸ் தோல், ஓட்டினாலும் ஓட்டாட்டியும், காத்தும் வெளிச்சமும் பட்டு இறுகி வெடிக்கும். அண்ணன் பெட்டி ஜன்னல் ஓரமா மேற்கு வெயில்ல நிக்குது. வேல்யூவாம்! ஒரு ரப்பர் வளையம் சில்லறைக் காசு. தோலை வார்த்து எடுக்க அச்சு இருந்தா புதுசு போட்டுக்கலாம். தேயறதெல்லாம் மாத்தக்கூடிய சாமான். மாத்த முடியாதது அந்தத் திருகு எவ்வளவு திரும்பியிருக்குங்கற கணக்கும், டேப்ல இருக்கற விரல் அழுத்தமும். பெட்டிக்குள்ள அது ரெண்டும் இல்லவே இல்லை.

'என் காசு, என் பொருள்.' ஆமா சாமி. தலையில கவுத்துக்குங்க. பாதுகாக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு அது போதும்.

'எல்லார் வீட்டுலயும் கம்ப்ரஸர் வைக்க முடியுமா?' இது நியாயமான கேள்வி. அது போடற சத்தத்துக்கு எங்க அபார்ட்மெண்ட்ல போலீஸ் வந்துடும். ஆனா ஓட்ட முடியாதவன் குழாயை வெட்டணும்னு எந்தச் சட்டம் சொல்லுது? முழுசா வாங்கு. திருகையெல்லாம் தொடாம படம் எடுத்து வை. டேப்பைப் பிரதி எடுத்து நாலு பேருக்குக் கொடு. ஓட்டறவனுக்கு இரவல் கொடு. அலபாமாவுல ஒருத்தர் ஃபெக்டர் கிட்ட இருந்தே ஒரு முழு ராக்-அஃபையர் கோஷ்டியைக் காசு சேர்த்து வாங்கி, அதுக்குன்னு தனியா இடம் கட்டி, புதுசு புதுசா பாப் பாட்டுக்கு ஆட வெச்சு யூட்யூப்ல போட்டார். கோடீஸ்வரர் எல்லாம் இல்லை. 2008ல வந்த ராக்-அஃபையர் டாக்குமெண்டரியில அவர் வர்றார். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் பாதி உலகத்துக்கு இப்படி ஒரு கோஷ்டி இருந்ததே மறுபடி ஞாபகம் வந்தது. கண்ணாடிப் பெட்டி போட்டோவைப் பார்த்து யாருக்காவது எதாவது ஞாபகம் வந்ததா?

எல்லாத்தையும் ஒரே ஆள் கையில விடறதும் ஆபத்துதான். ஃபெக்டரோட ஆர்லாண்டோ கட்டிடத்துல 2013ல வெடிவிபத்து. மனுஷன் ரோபோவை விட்டுட்டு மாற்று எரிபொருள் ஆராய்ச்சியில இருந்தார், கூரை பேந்துடுச்சு. மேதைங்க கிட்ட இது ஒரு தொல்லை.

இடையில ஒரு கும்பல் வேற. 2014ல 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்'னு ஒரு பேய் கேம் வந்தது. பீட்சா கடை ரோபோக்கள் ராத்திரி உயிரோட வந்து காவலாளியைக் கொல்ற கதை. 2023ல படமாவும் வந்துச்சு. அதுக்கப்புறம் சின்னப் பசங்க நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்தாங்க, நல்லது. ஆனா அவங்கள்ல பலருக்குக் கிழிஞ்ச தோல், தொங்கற கண்ணு, துருப்பிடிச்ச தாடைதான் வேணும். ரிப்பேர் பண்ணினா 'ஐயோ அழகு போச்சு'ங்கறாங்க. டேய், அது பிறந்தநாள் பாட்டுப் பாடின கரடிடா.

எப்படி வெச்சிருக்கணும்னு பார்க்கணுமா, சான் ஃபிரான்சிஸ்கோ மீனவர் துறையில மியூசே மெக்கானிக்னு ஒரு இடம் இருக்கு. எட்வர்ட் ஜெலின்ஸ்கின்னு ஒருத்தர் சின்னப் பையனா இருந்தப்பவே சேர்க்க ஆரம்பிச்சது, இப்ப அவர் குடும்பத்துக் கையில. பழைய நாணய மெஷின்கள், நூத்துக்கணக்குல. உள்ள போகக் காசு கிடையாது. மெஷினுக்குக் காசு போட்டா ஓடும். வாசல்லயே லாஃபிங் சால். கடற்கரையோரமா இருந்து 1972ல மூடின ப்ளேலேண்ட் பூங்காவோட ஞாபகம் அது. காகிதக்கூழ்ல செஞ்ச, ஆளுயரத்துக்கும் மேல, முன்பல் ஓட்டையோட ஒரு பொம்பளை. காசைப் போட்டா இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டு விழுந்து விழுந்து சிரிப்பா. ரோபோன்னு சொல்றதுக்குக் கூட லாயக்கில்லாத எளிமையான மெஷின். ஆனா நான் போன அன்னிக்கு ஒரு குழந்தை வீல்னு கத்திட்டு அப்பா காலைக் கட்டிக்கிச்சு. பக்கத்துல எழுபது எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க, சால் சிரிக்கச் சிரிக்க அதே தாளத்துல தோளைக் குலுக்கிச் சிரிச்சுட்டிருந்தாங்க. சின்ன வயசுல பார்த்திருப்பாங்க போல. ஒரு ரவுண்டு முடிஞ்சதும் கைப்பையைத் துழாவி இன்னொரு காசு போட்டாங்க. சாலோட தோல் எத்தனை தடவை பூசினதோ, மோட்டார் எத்தனாவதோ, அந்தப் பாட்டிக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை.

கத்தினா கொஞ்சம் நடக்கவும் செய்யுது. சக் ஈ சீஸ் தன் கடைகள்ல இருந்து ரோபோக் கோஷ்டியை மொத்தமா எடுக்கறாங்கன்னு தெரிஞ்சு ரசிகர்கள் கூப்பாடு போட்டாங்க. 2023 நவம்பர்ல, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் கடையில மட்டும் கோஷ்டி நிரந்தரமா இருக்கும்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் வேற சில ஊர்லயும் வெச்சுக்கறதாச் சொன்னாங்க. நூத்துக்கணக்கான கடையில ஒரு கைப்பிடிதான். ஆனா கவனிங்க, ரசிகர்கள் கேட்டது பெட்டியில வைன்னு இல்லை. ஆட விடுன்னு.

அண்ணன் விஷயம் பாக்கி இருக்கு. இதை எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு, போன புதன்கிழமை அவருக்கு போன் பண்ணினேன். திட்டற தைரியம் எல்லாம் இல்லை, அவர் வீட்டு உப்பைத் தின்னிருக்கேன். ஏன் இந்த நாயை வாங்கினீங்கன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பாப்பாவோட நாலாவது பிறந்தநாள் அங்கதான் தம்பி வெச்சோம். வந்த புதுசு, கையில காசில்ல, பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு பீட்சா வாங்கினோம். இந்த நாய் பாப்பாவைப் பார்த்துத் தலையாட்டுச்சு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதையே செஞ்சு காட்டிட்டு வந்தா"ன்னார். தலையை எப்படி ஆட்டுச்சுன்னு கேட்டேன். போன்ல எப்படித் தம்பி காட்டறதுன்னார்.

"ஒரு சின்ன கம்ப்ரஸர் இரவல் கிடைக்குதுண்ணே. ரெண்டு வால்வு எங்கிட்ட இருக்கு. சனிக்கிழமை எடுத்துட்டு வரட்டா? தலையை ஆட்டிப் பார்ப்போம்."

நல்ல இழுவை இழுத்தார். அண்ணி பின்னாடி இருந்து என்னமோ சொன்னாங்க, கேக்கல. கடைசியில, "தலை வேணாம் தம்பி. கையை மட்டும் முதல்ல ஆட்டிப் பாருங்க"ன்னார்.